தண்ணீர் குடிக்கும் தெருவும் மார்கழிக் கோலமும்

பவளக்காரன் குறுக்குத் தெரு,
மந்தைவெளி, சென்னை.
தை மாதம் மூன்றாம் நாள்.

திருச்சிராப்பள்ளியில் சாலைப் பணிகளின் செயற்பொறியாளராக நெடுங்காலம் விளங்கி, ஓய்வு பெற்று, தற்போது மொட்டைமாடியில் கத்தரிச் செடிகளை மேற்பார்வையிட்டுவரும் என் இளவல் பஞ்சாட்சரத்துக்கு, உடன்பிறந்த மூத்தவள் தேவானை மனமுவந்து வரையும் மடல்.

இவ்விடம் நானும் உன் மாமாவும் சுகம். அவ்விடம் உன் இல்லாளின் மூட்டுவலி பனிக்காலத்திலும் அடங்கியிருக்கும் என நம்புகிறேன். நீ அனுப்பிய பொங்கல் வாழ்த்து கைப்பேசியில் கிடைத்தது. அதிலிருந்த கரும்பின் படம் அழகாக இருந்தது. கையெழுத்தில் வாழ்த்தும் வழக்கம் உன்னை விட்டு நீங்கிவிட்டதால், அதை நான் பேணுகிறேன்.

சென்ற ஆவணியில் நம் உறவுக்காரப் பெண் காமாக்ஷியின் திருமணப் பந்தியில், இலை முன் அமர்ந்திருந்த நாற்பது பேர் செவிபட நீ மொழிந்தது உனக்கு மறந்திருக்கலாம். "அக்கா, ரோடுன்னா தண்ணி வழிஞ்சு ஓடணும். ரோடே தண்ணியைக் குடிக்கும்னு எட்டாங்கிளாஸ் படிச்ச நீ எனக்குப் பாடம் எடுக்காத. பாயசம் ஆறுது பாரு." நான் பாயசத்தை அருந்தினேன். மறுமொழியை மட்டும் ஒத்திவைத்தேன். அதனை இப்போது கூறுகிறேன்: ரோடு குடிக்கிறது.

நான் கல்லூரிப் படிகளை மிதித்தவளல்லேன். ஆயினும் நூலகத்தில் ஐந்து ஆண்டுகள், கைப்பேசியில் வெளிநாட்டார் காட்டும் படங்கள், பக்கத்தில் ஓர் அகராதி, இவற்றின் துணையால் நான் தெளிந்தது என்னவெனில், தெருவில் விழுந்த மழையைத் துரத்திவிடாமல் விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் இறக்கிவிடுவதே அறிவுடைமை. இதனை விளக்கி மாநகராட்சிப் பகுதி அலுவலகத்துக்குப் பதினொரு மனுக்கள் விடுத்தேன். பதினோராவது மனுவைப் படித்துவிட்டு உதவிப் பொறியாளரான மணிமொழி என்னும் இளம்பெண் நேரிலேயே வந்துவிட்டார். "அம்மா, இவ்ளோ தெளிவா எங்க ஆபீஸ்லயே யாரும் எழுதினதில்ல" என்றார். மிகைப்படுத்தவில்லை, உன் மாமா சாட்சி. புரட்டாசியில் வேலை தொடங்கியது. வண்டிகள் நிற்கும் ஓரப்பகுதியில் தாரை அகற்றி, நுண்துளைகள் நிறைந்த, நீர் இறங்கும் கற்களைப் பதித்தார்கள். எதிர்ப்புறம் தெருமட்டத்திற்கும் ஒரு முழம் தாழ்வாக நீளப் பள்ளம் வெட்டி, அடியில் சரளையும் மணலும் இட்டு, கல்வாழையும் வெட்டிவேரும் நட்டு, மழைத்தோட்டம் அமைத்தார்கள். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. இது முன்னோட்டம். மழைக்காலம் முடிவதற்குள் தண்ணீர் அரைமணிக்கு மேல் தேங்கியதாக அறிக்கை போனால் அனைத்தையும் பெயர்த்துவிட்டுச் சிமெண்டு பூசிவிடுவார்கள். தெருநலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் நான் கையொப்பமிட்டேன்.

இனி நிகழ்ந்த இடையூறுகளைக் கேள். நம் சென்னையில் தெருவுக்கு ஒரு முறை தார் போட்டால் வீட்டுக்கு ஒரு முறை தரை உயர்த்துவதுதான் பரம்பரை வழக்கம், ஆகையால் தாழ்ந்திருப்பது எதுவாயினும் அது கவனக்குறைவு என்றே மக்கள் கருதுவர். எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் கனகராஜ், பள்ளத்தைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஊரே வூட்டை ஒசத்திகினு கீது, நீ இன்னாடான்னா தெருவைத் தாழ்த்திகினு கீறியேக்கா" என்றான். அறியாமை என்று விட்டுவிட்டேன். மறுநாள் நான் ஆழ்வார்பேட்டையில் பல் மருத்துவரைக் கண்டு திரும்புகையில், மழைத்தோட்டம் இருந்த இடத்தில் ஒரு மேடு இருந்தது. கல்வாழையின் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. தெருமுனையில் சோஃபா பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் அப்துல் வஹீத் பாய் மண்வெட்டியுடன் மலர்ந்த முகமாக நின்றிருந்தார். "பள்ளமா கீதேம்மா, பசங்கோ வுழுந்து வாரிக்கும்னு நாந்தான் ரெண்டு வண்டி மண்ணு கொட்டி நெரவிட்டேன். தேங்க்ஸ்லாம் வாணாம்மா." நன்றி கூறும் நிலையில் நானும் இல்லை. பல்லில் பஞ்சு இருந்ததால் உரிய சொற்களையும் கூற இயலவில்லை. பஞ்சை எடுத்த பின் முக்கால் மணி நேரம் விளக்கினேன். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மொதல்லயே ஒரு போர்டு வெச்சிருந்தா நான் ஏம்மா கொட்டப் போறேன்" என்றார். அது நியாயமே. அவரே மீண்டும் அள்ளினார். பலகையை நான் எழுதினேன்: 'இப்பள்ளம் திட்டமிட்டே பள்ளமாக்கப்பட்டது.'

கார்த்திகையில் முதல் பெருமழை பெய்தது. ஆண்டுதோறும் முழங்கால் அளவு நீர் இரண்டு நாள் நிற்கும் தெரு இது, நீயே ஒருமுறை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய். மழை விட்டதும் நான் குடையை மடக்கிவிட்டு நாற்காலியிட்டு, கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தேன். பதினெட்டு நிமிடங்கள். பதினெட்டே நிமிடங்களில் கற்கள் வெறும் ஈரமாயின. கனகராஜ் மண்டியிட்டுக் கல்லின் மேல் காதை வைத்துக் கேட்டான். "அக்கா, உள்ள சலசலன்னு போகுதுக்கா" என்றான். தம்பி, அந்தப் பதினெட்டு நிமிடங்களில் உன் முகம் என் கண்முன் பலமுறை வந்து சென்றது.

இவ்வெற்றியைக் கொண்டாடாதிருப்பது முறையன்று என எண்ணி, செயலாளர் என்ற முறையில் மார்கழி முப்பது நாளும் தெருமுழுதும் கோலப் போட்டி அறிவித்தேன். இருபத்தாறு வீடுகள். அதிகாலையில் நீர் தெளித்து, கோலமாவு, அதாவது வெள்ளைக்கல்லை அரைத்த பொடி கொண்டு இட வேண்டும் என்றும், பச்சரிசி மாவு மெலிவாகத் தெரிவதால் தகுதியற்றது என்றும் விதிமுறையில் நானே எழுதினேன். புதிய கற்களின் சொரசொரப்பில் மாவு எவ்வளவு பாங்காகப் பிடித்தது என்று கேட்கிறாயா? பெருக்கினாலும் போகவில்லை. கற்களும் நம்முடன் ஒத்துழைக்கின்றன என்று வியந்தேன். என்னுடைய இருபத்தொரு புள்ளிச் சிக்குக் கோலத்தைக் காண அபிராமபுரத்திலிருந்து ஆட்கள் வந்தனர். மார்கழி பன்னிரண்டில் மழை கொட்டியது. அபிராமபுரத்தாரையும் மணிமொழியையும் அழைத்து நிறுத்தி, கடிகாரத்தை எடுத்து அமர்ந்தேன். பதினெட்டு ஆயிற்று, முப்பது ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. தண்ணீர் என் நாற்காலிக் கால்களைச் சுற்றிப் பால்போல் வெளுப்பாக நின்றது. "கல்லுக்கு வவுறு ரொம்பிடுச்சு போலக்கா" என்றான் கனகராஜ், வருத்தத்துடன்தான்.

மணிமொழி குனிந்து வண்டிச் சாவியால் கல்லைச் சுரண்டினார். சாவியின் நுனியில் வெண்மையான களிம்பு வந்தது. "அம்மா, இது என்னம்மா?" இருபத்தாறு வீட்டுப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் மழுப்பும் வழக்கமுடையவளல்லேன். "கோலமாவு. விதிமுறை என்னுடையது" என்றேன். மணிமொழி சாவியைக் கைக்குட்டையில் துடைத்தார். பிறகு தாழ்ந்த குரலில், "இதை இப்பவே எழுதினா சிமெண்ட் போட்டுடுவாங்கம்மா. பத்து நாள் கழிச்சு வர்றேன். அதுக்குள்ள ஏதாச்சும் பண்ணுங்க" என்றார். அன்று மாலையே சங்கத்தைக் கூட்டி, செயலாளர் மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றினோம். முன்மொழிந்தவர் தேவானை. வழிமொழிய எவரும் முன்வராமையால் வழிமொழிந்தவரும் தேவானை.

பத்து நாள்களில் முதல் மூன்றை வீணாக்கினோம். ஈர்க்குச்சியால் குத்தினோம், மாவு இன்னும் ஆழத்தில் இறங்கியது. குழாய் நீரைப் பீய்ச்சினோம், அது இட்லி மாவுபோல் குழைந்தது. குளியலறைக்கு ஊற்றும் அமிலத்தை ஊற்றலாம் என்ற கனகராஜை, கல்லும் செடியும் சேர்ந்து செத்துப்போகும் என்று தடுத்தேன். நான்காம் நாள், நான் கல்லின் மேல் அமர்ந்து கொண்டையூசியால் ஒவ்வொரு துளையாகக் கிளறிக்கொண்டிருந்ததைப் பாயின் துணைவியார் அஸ்மத்துன்னிசா பார்த்தார். "இன்னாம்மா, அடுத்த மார்கழி வரிக்கும் இதே பண்ணிகினு இருப்பியா? எங்கூட்டுக்காரரு சோஃபாவுல இருந்து தூசி உறியற மிஷின் வெச்சிகினு சும்மாதானே குந்திகினு கீறாரு" என்றார். அவ்வொரு வாக்கியத்தில் என் ஐந்தாண்டு நூலகம் தோற்றது. இதைப் பெருமையுடன் எழுதுகிறேன், ஏனெனில் அந்த வாக்கியத்தைச் சொன்னவர் எங்கள் தெருக்காரர். நான்கு நாள் நல்ல வெயில். கற்கள் காய்ந்தன. பெண்கள் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டே முன்னால் போக, பாய் இயந்திரத்தால் உறிஞ்சிக்கொண்டே பின்னால் போனார். எட்டு வாளி வெள்ளைப்பொடி வெளியே வந்தது. பத்தாம் நாள் மணிமொழி தண்ணீர் லாரியுடன் வந்து முழு லாரியையும் திறந்துவிட்டார். இருபது நிமிடங்கள். கடைசிச் சொட்டு இறங்கியதும் இருபத்தாறு வீடும் கைதட்டியது, நான் மட்டும் தட்டவில்லை, கடிகாரம் கையில் இருந்தது. இனிக் கோலம் அவரவர் வாசற்படிக்குள், பச்சரிசி மாவில் மட்டும். அபிராமபுரத்தார் தங்கள் தெருவுக்கும் இவ்வாறு அமைத்துத் தரும்படி என்னைப் பேச அழைத்துள்ளனர்.

ஆகவே தம்பி, பொறியியல் பட்டம் ஏதுமின்றி ஒரு தெருவை உருவாக்கி, கெடுத்து, மீட்டும் காட்டினோம். உன் யோசனை தேவைப்படவில்லை. நீ வந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. நீயும் உன் இல்லாளும் நோயின்றி, குறையின்றி, உன் கத்தரிகள் பூச்சியின்றி வாழ்க.

இங்ஙனம்,
உன் தமக்கை,
தேவானை,
செயலாளர், பவளக்காரன் குறுக்குத் தெரு நலச் சங்கம்.

பின்குறிப்பு: இம்மடலை உறையிலிட்டு ஒட்டும் தருணத்தில் மணிமொழி ஒரு படிவத்துடன் வந்தார். தெருவை நிரந்தரமாக இப்படியே விடுவதற்கான பராமரிப்பு உடன்படிக்கை. மூன்றாம் பக்கத்தில் கண்காணிக்கும் பொறியாளரின் பெயர், பட்டம், கையொப்பம் கேட்கிறது. "உங்களுக்குத் தெரிஞ்சது எனக்கே தெரியாதும்மா. ஆனா பட்டம்கிற கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் எடுத்துக்காது" என்றார் அந்தப் பெண், என் முகத்தைப் பாராமல். அக்கட்டத்தில் எட்டாம் வகுப்பு என்று பென்சிலால் எழுதிப் பார்த்தேன். அழித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் படிவம் சேராவிட்டால் சிமெண்டுதான். புதிதாக ஒரு மடல் வரைய அவகாசமில்லாமையால், முந்தைய பக்கங்களை நீ பெறவில்லை எனக் கருதிக்கொள். இத்துடன் படிவம் இணைத்துள்ளேன். கையொப்பமிட வேண்டிய இடத்தில் புள்ளி வைத்திருக்கிறேன். படித்துப் பார்க்கும் தொல்லை உனக்கு வேண்டாம், நான் படித்துவிட்டேன்.