சுவர் பார்க்க வந்தவர்

"வசு! இங்க வந்து பாரேன்! சுவத்துல காளான்!"

சபாபதிக்கு வியர்த்துவிட்டது. சனிக்கிழமை நடுவர் வருகிறார், வியாழக்கிழமை ஹால் சுவரில் காளான் எட்டிப் பார்க்கிறது.

மலேசியாவின் செமினியில் அவர் கட்டிய வீட்டுக்கு உள்ளூர் மண்ணும் எண்ணெய் எடுத்த செம்பனைக் குலை நாரும் கலந்த கல். வெயில் உள்ளே வராது, ஏர்கான் தேவையில்லை என்பது அவர் கட்சி. 'கரையான் பங்களா' என்பது அந்தக் குடியிருப்பின் தாமான்காரர்கள் கட்சி. பசுமை வீட்டுப் போட்டிக்குப் போன மாதம் அவர் அனுப்பிய சுவர்ப் படத்தைப் பார்த்து, நடுவரே நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். பரிசு கிடைத்தால் தாமான் வாய் மூடும். இல்லையென்றால் அவரால் வெளியே தலைகாட்ட முடியாது.

மனைவி வசுந்தரா கேரி தீவுச் செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகளாக வளர்ந்தவள். அலட்டிக்கொள்ளவே இல்லை.

"குலை நார்ல முளைக்கிறதுதாங்க. அங்க கூடை கூடையாப் பறிச்சு ஆக்குவோம். விடுங்க லா."

"விடறதா? இது வீடா, காளான் பண்ணையா?"

சபாபதி காளானைச் சுரண்டி எறிந்து, ஈரத்துணியால் சுவரைக் கழுவினார். ஈரம் பட்ட சுவர் மறுநாள் வரிசையாக முளைத்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு மகளின் ஹேர் டிரையரால் காய வைத்தார். அந்தச் சூட்டில் சனிக்கிழமை காலை சுவர் முழுக்கக் காளான்!

கடைசியில், மானத்தை விட்டு, பக்கத்து வீட்டு நாகையாவிடம் சக்கரம் வைத்த ஏர்கானை இரவல் கேட்டார்.

"கரையான் பங்களாவுக்கு ஏர்கானா அண்ணே?" என்று நாகையா தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார்.

சபாபதி ஒரு காளான் விடாமல் பறித்து வசுந்தராவின் கூடையில் போட்டு, சுவரைக் காய வைத்து, ஏர்கானை சோபாவுக்குப் பின்னால் ஒளித்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

நடுவர் இக்ராம் சின்ன வயசுக்காரர். உள்ளே வந்ததும், "நல்லா குளுகுளுன்னு இருக்கு அங்கிள்!" என்றார். சபாபதிக்குப் பெருமையும் குற்றவுணர்வும் ஒன்றாக வந்தன.

வசுந்தரா சோறும் காளான் சம்பலும் பரிமாறினாள். இக்ராம் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"பிரமாதம் ஆன்டி! காளான் எங்க வாங்கினீங்க?"

"பாசார்ல, பாசார்ல!" என்று சபாபதி முந்திக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்த இக்ராம் சுவரை மேலும் கீழும் பார்த்தார். முகம் வாடியது. போனில் சபாபதி அனுப்பிய படத்தைத் திறந்து நீட்டினார்.

"அங்கிள், குளிர்ச்சியான சுவர் எல்லா வீட்லயும் பார்த்தாச்சு. சாப்பாடு முளைக்கிற சுவர் இங்கதான் இருக்குன்னு பரிசையே முடிவு பண்ணிட்டு வந்தேன். படத்துல மூலையில இருந்துச்சே, அந்தக் காளான் எங்க?"