ரூமு இருக்குதுங்க, உங்களுக்கு ஆகாதுங்க!

கோயமுத்தூரிலிருந்து ஈரோடு வரைக்கும் எத்தனையோ லாட்ஜ் மேனேஜர்கள் இருக்கிறார்கள். ரூம் இருந்தால் சாவியைக் கொடுப்பார்கள், இல்லாவிட்டால் கையை விரிப்பார்கள். ஆனால் வந்தவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ரூமு காலியாத்தானுங்க இருக்குது, ஆனா உங்களுக்கு ஆகாதுங்க” என்று திருப்பி அனுப்பும் துணிச்சல், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் உண்டு. ஊரே அவரைப் ‘பொருத்தம்’ என்று கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

நான் பள்ளிக்கூட டீச்சர். மே மாத லீவுக்கு ஊட்டி போவதாகத்தான் இருந்தோம். மலை ஏற வேண்டிய இ-பாஸ் எடுக்கும் பொறுப்பை என் வீட்டுக்காரரிடம் விட்டிருந்தேன். அவர் அதைக் கடவுளிடம் விட்டுவிட்டார். கடைசி நேரத்தில் யாரோ சொல்லி, சத்தியமங்கலம் பக்கம் பவானி ஆற்றை ஒட்டிய ஒரு சின்ன ஊர் விடுதிக்குப் போன் பண்ணினோம். வெள்ளைக்காரன் காலத்தில் வாய்க்கால் பார்க்க வந்த இன்ஜினியர்கள் குதிரையைக் கட்டிவிட்டுத் தங்கிப்போன கட்டடமாம். ஓட்டுக் கூரை, ஆள் உயரத்துக்கு ஜன்னல், யானை முட்டினாலும் அசையாத தேக்குக் கதவுகள். இப்போது உள்ளூர்ப் பண்ணையக்காரர் ஒருவருக்குச் சொந்தம்.

வாசலில் கார் நின்றதும், இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க வெள்ளை அரைக்கைச் சட்டையில் ஒருவர் வந்தார். வணக்கம் சொன்னார். அடுத்த வாக்கியமே இதுதான்.

“சாரு குறட்டை உடுவாருங்களா?”

என் வீட்டுக்காரர் பேங்கில் பெரிய அதிகாரி. அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “விடுவாருங்க.”

“காலைல எந்திரிச்ச ஒடனே பேசுவீங்களா, காப்பி குடிச்சபொறகு பேசுவீங்களா?”

“யோவ், ரூம் கேட்டா இதெல்லாம் எதுக்கு? ஆத்தைப் பார்த்த ரூம்னு போன்ல சொல்லியிருக்கேன்!” என்று என் வீட்டுக்காரர் எகிறினார்.

“அந்த ரூமு சண்டை போட்டுட்டு வாரவங்களுக்கு ஆகாதுங்க.”

“நாங்க எப்ப சண்டை போட்டோம்?”

பொருத்தம் பணிவாகச் சொன்னார். “ரெண்டு பையையும் சாரே தூக்கிட்டு வாரீங்க. அம்மணி கையை வீசிட்டு வாராங்க. சும்மா இருக்கற ஊட்டுல இப்படி நடக்காதுங்க.”

கொடுத்த ரூமுக்குப் போனோம். அதில் இந்தச் சுவர் ஓரம் ஒரு கட்டில், அந்தச் சுவர் ஓரம் ஒரு கட்டில். நடுவில் ஒரே ஒரு ஃபேன். மே மாத வெயிலில் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்? சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு பேரும் சேர்ந்து, பழைய காலத்து இரும்புக் கட்டில்களை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டோம். இழுத்த இழுவையில் அவருடைய வேட்டி கட்டில் காலில் மாட்டிக்கொண்டது. நான் சிரித்த சிரிப்பில் இ-பாஸ் மறந்தே போனது.

பொருத்தத்தின் கெடுபிடி எங்களோடு நிற்கவில்லை. கோயமுத்தூரிலிருந்து ஒரு கம்பெனி ஆட்கள் வேன் நிறைய வந்து இறங்கினார்கள். வேனைச் சுற்றி வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, “இத்தனை பேர்ல ஒருத்தரும் சிரிக்க மாட்டீங்கறீங்களே, இந்தக் கட்டடம் தாங்காதுங்க” என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் புது லாட்ஜுக்கு அவரே வழி காட்டி அனுப்பிவைத்தார். போனிலேயே ஊரைக் கூட்டுகிற நிலத்தரகர் ஒருவருக்குக் கடைக்கோடி ரூமைக் கொடுத்தார். அங்கே டவர் எடுக்காது. மறுநாள் அந்தத் தரகர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

முதலாளி ஏன் இவரை வைத்திருக்கிறார் என்று யோசித்தேன். இன்டர்நெட்டில் அந்த விடுதியைப் பற்றி யாரோ எழுதியிருந்ததை என் வீட்டுக்காரர் காட்டினார். ‘மேனேஜருக்கு மூளை சரியில்லை. அடுத்த லீவுக்கும் வருகிறோம்.’

இதெல்லாம் சில்லறை. பெரிய சம்பவம் அண்ணன் தம்பி விவகாரம்தான்.

அண்ணனுக்குச் சோமனூரில் விசைத்தறி. தம்பிக்கு மதுக்கரையில் ஹாலோபிளாக் வியாபாரம். இரண்டு பேருக்கும் தலை நரைத்தாகிவிட்டது. தம்பி மகள் கல்யாணத்தில் அண்ணனை முதல் பந்திக்குக் கூப்பிட மறந்துவிட்டார்கள். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. அவர்களுடைய குலதெய்வம் கோயில் இந்த ஊரில் இருக்கிறது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கை வைத்துப் பொங்கல் பானையை அடுப்பில் ஏற்ற வேண்டும். சில வருஷமாகப் பானை ஏறவில்லை. இந்தத் தடவையும் ஏறாவிட்டால், வம்சமே இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு நாள் கும்பிட்டுக்கொள்வது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். இவ்வளவையும் பொருத்தம்தான் எங்களுக்குச் சொன்னார்.

பெண்கள் வேனில் காலையில் வருவதாக ஏற்பாடு. ஆண்கள் இருவரும் முதல் நாளே தனித்தனிக் காரில் வந்து இறங்கினார்கள். நம் மேனேஜர் என்ன செய்தார்? விடுதியில் ஐந்தாறு ரூம் காலியாக இருக்கும்போது, ஒட்டி ஒட்டி இருக்கும் இரண்டு ரூம்களைப் பார்த்துக் கொடுத்தார். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு குளியலறை. அந்தப் பக்கம் ஒரு கதவு, இந்தப் பக்கம் ஒரு கதவு.

“ஏனுங்க, வேற ரூமே இல்லீங்களா?” என்று நான் கிசுகிசுத்தேன்.

“இருக்குதுங்க அம்மணி. அவங்களுக்கு ஆகாதுங்க.”

காலையில் நாங்கள் வராந்தாவில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். அண்ணன் தன் ரூமிலிருந்து குளிக்கப் போனார். தம்பி, அண்ணன் தப்பித் தவறிக்கூட இந்தப் பக்கம் வந்துவிடக் கூடாது என்று, தன் ரூம் பக்கமிருந்த குளியலறைக் கதவுக்குத் தாழ் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தது வாசல் வழியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தடதடவென்று சத்தம்.

“மேனேஜரே! என்ற பக்கத்துக் கதவு தாழு சிக்கிக்கிச்சு! தொறக்க முடியிலே!”

பொருத்தம் நிதானமாக வந்து வராந்தாவிலிருந்தே பதில் சொன்னார். “அது அப்பப்ப அப்படிச் செய்யுமுங்க. தம்பி பக்கத்துக் கதவு நல்லாத் தொறக்குமுங்க. அவருகிட்டச் சொல்லுங்க.”

“நீ சொல்லு!”

“நான் சொன்னா நல்லா இருக்காதுங்க. உங்க தம்பி, நீங்க சொல்லுங்க.”

உள்ளே சத்தம் நின்றது. தம்பி கட்டிலை விட்டு அசையவில்லை. “அவிய கூப்புட்டாத் தொறக்கறேன்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். “கதவை உடைச்சிரலாமா?”

“தேக்குங்க. வெள்ளைக்காரனாலயே ஒடைக்க முடியாது” என்று சொல்லிவிட்டு, பொருத்தம் வேலை ஏதோ இருப்பதுபோலக் கொல்லைப் பக்கம் போய்விட்டார். இப்படி ஒரு நேரத்தில் போகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது.

உள்ளே பைப்பில் விழுந்துகொண்டிருந்த தண்ணீர்ச் சத்தமும் நின்றது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. தம்பி மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். கதவையே பார்த்தார்.

“அண்ணா?”

பதில் இல்லை.

“அண்ணா!” குரல் உடைந்துவிட்டது. “ஐயோ, சக்கரை இருக்கற மனுசன், வெறும் வயித்தோட போனாரே!” ஓடிப்போய்த் தாழை இழுத்துக் கதவைத் தள்ளினார். நானும் பதறிப்போய் அவர் ரூம் வாசலுக்கு ஓடினேன்.

உள்ளே அண்ணன், துண்டைக் கட்டிக்கொண்டு கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து தோள்வரை சோப்பு நுரை. கண்ணை இறுக்கி மூடியிருந்தார்.

“தண்ணி நின்னு போச்சுடா” என்றார்.

தம்பிக்கு மூச்சு வாங்கியது. “என்னங்ணா நீங்க! கூப்புட்டா ஒரு சத்தம் குடுத்தா என்னங்ணா? உசுரே போயிருச்சு!”

அண்ணன் நுரை வழிய வழியச் சொன்னார். “எத்தனை நாளாச்சுடா நீ கூப்புட்டு. இன்னொருக்கா கூப்புடட்டும்னுதான் சும்மா இருந்தேன்.”

தம்பி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்ததால் நகர்ந்துவிட்டேன். நகரும்போது, பைப் தானாகவே இருமிக்கொண்டு தண்ணீரைக் கொட்ட ஆரம்பித்தது. “தலையைக் குனிங்ணா” என்ற சத்தமும், மக்கில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தமும் கேட்டன.

கொல்லையில் தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து, கையைத் துடைத்துக்கொண்டே பொருத்தம் வந்தார். நான் வழி மறித்தேன்.

“ஏனுங்க, தண்ணி ஏன் நின்னுச்சு?”

“கேட் வால்வு பழசுங்க அம்மணி. அதுக்காத் தோணுச்சுன்னா அடைச்சுக்குமுங்க.”

“தோணுச்சுன்னாத் தொறந்துக்குமா?”

“தொறந்துக்குமுங்க” என்றார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல்.

அண்ணனும் தம்பியும் ஒரே காரில் ஒட்டுக்காக் கோயிலுக்குப் போனார்கள். பானை ஏறியது. சாயங்காலம் ஒரு தூக்குப்போசி நிறையச் சர்க்கரைப் பொங்கல் வந்தது. அதில் பாதியைப் பொருத்தமே காலி செய்தார். “அடுத்த வருசம் இவியளுக்கு இந்த ரூமுக ஆகாதுங்க. ஒரே ரூமாப் போட்டரோணும்” என்று வாயில் பொங்கலோடு சொன்னார்.

அதிலிருந்து பொருத்தத்தோடு எங்களுக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. போன மாதம் அவருக்குக் கோவையில் கண் ஆபரேஷன். தனி ஆள். ஆர்.எஸ்.புரத்தில் எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தோம். என் வீட்டுக்காரரே மருந்து விட்டார். பெரிய அதிகாரி தன் மடியில் அவர் தலையைச் சாய்த்து, “அசையாதீங்கன்னா அசையாதீங்க” என்று அதட்டுவார். பொருத்தம் ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு, “அம்மணி, சாரு அப்பவும் குறட்டை, இப்பவும் குறட்டை. எப்படித்தான் தூங்கறீங்களோ” என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுப்பார். கண் தேறியதும் ஒருநாள் கூட நிற்கவில்லை. “பொறகு வாரனுங்க” என்று பஸ் ஏறிவிட்டார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தோம். எல்லாம் வைத்தது வைத்த இடத்தில்தான் இருந்தது. ஆனாலும் அன்றைக்கு எங்கள் வீடு எங்களுக்குக் கொஞ்சம் பெரிதாகப் போய்விட்டது.