கதவில் இடித்த முழங்கை

கவுனும் கையுறையும் மாட்டிக்கொண்டு, கைகளை மார்புக்கு நேரே தூக்கியபடி ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்த பதருன்னிசாவின் வலது முழங்கை, பாதி திறந்திருந்த கதவில் 'டொக்'கென்று இடித்தது.

கழுவிய கை எதிலாவது பட்டுவிட்டால் வெளியே போய், கை கழுவுவதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஆனால் இது எழுபத்தாறாம் வருஷத்துத் தியேட்டர் நர்ஸ் சான்றிதழுக்கான செய்முறைத் தேர்வு. தேறினால் சதுரங்கப்பட்டினத்தில் திறக்கப்போகும் புது ஆஸ்பத்திரியில் வேலை. செங்கல்பட்டு ஹாஸ்டலை விட்டுவிட்டு அந்த ஊரிலேயே வீட்டில் மகளோடு இருக்கலாம். ஆயா எல்லம்மாளைத் தவிர யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. மேஜையில் நோயாளியாகப் படுத்திருந்ததும் ஒரு தலையணைதான். தலையணைக்குச் சீழ் பிடிக்காது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

மனம் கேட்டால்தானே! அந்த முழங்கை எதிலும் படக்கூடாதென்று அதை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இடக்கையால் கத்தரியை நீட்டினாள்.

"கைல என்னம்மா?" என்றார் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்று கத்தரியை வாங்கிய டாக்டர் கோபாலகிருஷ்ணன்.

"சுளுக்கு சார்."

அவர் எலும்பு டாக்டர். "எங்க, காட்டு" என்று முழங்கையை அழுத்தினார். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். பதருன்னிசா இரண்டாவதை அலறலாகவே விட்டாள்.

"யா அல்லா!"

"சுளுக்கு இல்ல, எலும்பு விரிசல் விட்டிருக்கு. எக்ஸ்ரே மெஷின் வேற ரிப்பேர். மாவுக்கட்டு போட்டுடுவோம்!" என்றார் உற்சாகமாக.

"இப்ப வலிக்கவே இல்ல சார்!"

"மரத்தே போச்சா? அப்ப பெரிய கட்டா போடணும்."

தேர்வு நடத்த வந்திருந்த ஞானம்மாள் சிஸ்டர் மார்க் போடாமலே பேனாவை மூடினார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். நல்ல கையில் மாவுக்கட்டு கனத்தது. நெஞ்சு அதைவிடக் கனத்தது. போன லீவு முடிந்து கிளம்பும்போது மகள் முந்தானையை விடவே இல்லை. "பரீட்ச முடிஞ்சதும் வந்துடறேன்" என்று சொல்லித்தான் பிரித்தாள். ஒருதரம் திரும்பிப் போய்க் கை கழுவியிருக்கக் கூடாதா என்று நினைத்து நினைத்து அழுதாள்.

எல்லம்மாள் டீ கொண்டுவந்தாள்.

"கதவுல இடிச்சத நீ பாத்தல்ல எல்லம்மா? ஏன் சொல்லல?"

"நான் இன்னாத்துக்கு சொல்றது சிஸ்டர்? கதவ பாதி தொறந்து வெக்க சொன்னதே ஞானம்மா சிஸ்டர்தான். காலைலேந்து அல்லாரும் இட்ச்சிகினாங்க. திரும்பிப் போய் கை கழுவிகினு வந்ததுங்க மட்டும் பாஸு."