காப்புறுதியும் ஒரு பிளாஸ்டிக் கதிரையும்

பயப்படுவதற்குச் சம்பளம் கொடுத்திருந்தால் இத்தாலியின் பலேர்மோ நகரில் இந்நேரம் எனக்கு இரண்டு வீடு சொந்தமாக இருந்திருக்கும். பஸ்ஸில் டிக்கெட் பார்ப்பவர் ஏறினாலே வியர்க்கும். (டிக்கெட் கையில்தான் இருக்கும்.) எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால், அச்சடித்த தாளில் உள்ளதெல்லாம் எனக்கு வேதவாக்கு.

அப்படிப்பட்டவனிடம் என் மனைவி வதனி, "ரெண்டாவது பிள்ளையை வீட்டிலைதான் பெறப்போறன். நீங்கள் பக்கத்திலை நிக்கோணும்" என்றாள். மூத்தவன் ஆஸ்பத்திரியில் பிறந்தபோது என்னை உள்ளே விடவில்லை. அவள் பாஷை விளங்காமல் தனியே கிடந்து தவித்தவள். நான் ஓம் என்றேன். ஆனால் வீட்டில் ஏதும் பிழைத்துப்போனால் யார் பொறுப்பு?

தனியாகத் தொழில் செய்யும் மருத்துவிச்சி ரொசால்பா, பலேர்மோவின் சீசா பகுதியிலுள்ள எங்கள் ஐந்தாம் மாடி வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, கோப்பி கொடுக்கும் முன்பே கேட்டேன்.

"உங்களுக்குக் காப்புறுதி இருக்கோ?"

அவர் சிரித்துக்கொண்டே பத்திரத்தை நீட்டி விளக்கினார். வீட்டுப் பிரசவமும் அதில் அடக்கம். ஆனால் பிள்ளை பிறக்கும்போது இரண்டு மருத்துவிச்சிகள் கூட இருக்க வேண்டும். அவசரமென்றால் தாயை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இருக்க வேண்டும். அன்றிலிருந்து நித்திரையிலும் இதையே புலம்பினேனாம்.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் கிழடு. கதவு திறந்திருந்தால் அசையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வதனிக்கு வயிற்றுக்குத்து தொடங்கி ரொசால்பாவும் வந்து சேர்ந்ததும், மூத்தவனைக் கீழ்வீட்டு சிஞ்ஞோராவிடம் விட்டேன். (இங்கே எந்த அம்மாவையும் சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவது.) பிறகு லிஃப்டை எங்கள் மாடியிலேயே மறித்து, கதவுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் கதிரையை வைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போக வழி தயார். (என்னை நானே மெச்சிக்கொண்டேன்.)

இரண்டாவது மருத்துவிச்சி எதில் ஏறி வருவார் என்று யோசிக்கவில்லை.

வதனியின் சத்தம் கூடியது. ரொசால்பா கையுறை போட்டார். நான் அறைவாசலில் நின்று, "சிஞ்ஞோரா, கொஞ்சம் பொறுங்கோ. மற்றவ இன்னும் வரேல்லை. காப்புறுதியிலை ரெண்டு பேர் எண்டு..." என்று இழுத்தேன்.

"அதைப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ" என்றார் அவர், திரும்பாமலே.

"இஞ்சேருங்கோ" என்றாள் வதனி பல்லைக் கடித்தபடி. "உந்தக் காப்புறுதியை வெளியிலை வைச்சிட்டு வாங்கோ."

வெளியே போனேன். லிஃப்ட் வரவில்லை என்று யாரையோ திட்டியபடி ஒரு பெண் படியேறுவது கேட்டது. அப்போதுதான் மூளை வேலை செய்தது. கதிரையை எடுக்க ஓடினேன். எடுக்கவில்லை. அதில் தடுக்கி, லிஃப்டின் இரும்புக் கதவில் நெற்றியைக் கொண்டுபோய் மோதினேன்.

கனத்த பையோடு மூச்சிரைக்க வந்த இரண்டாவது மருத்துவிச்சி கண்ட முதல் நோயாளி நான்தான். தாய்க்கென்று கொண்டுவந்த பஞ்சை என் நெற்றியில் அழுத்தினார்.

"என்னை விடுங்கோ, உள்ளுக்குப் போங்கோ, ரெண்டு பேர் நிக்கோணும்" என்றேன்.

"ஆடாமல் இருங்கோ" என்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே என் மகள் வீரிட்டு அழுதாள். அவளோடு ஒரு மருத்துவிச்சி, என்னோடு ஒரு மருத்துவிச்சி. மாதக்கணக்காக நான் காவல் காத்த நிபந்தனையை நானே முறித்திருந்தேன்.

தாயும் பிள்ளையும் சுகம். ஆம்புலன்ஸ் வந்தது எனக்கு. அதே கதிரையில் இருத்தி, அதே லிஃப்டில் இறக்கினார்கள். போகுமுன் ரொசால்பாவிடம், "உங்கடை காப்புறுதியிலை நானும் அடக்கமோ?" என்று கேட்டேன்.

"தாயும் பிள்ளையும்தான். தகப்பன்மாரைப் பொறுப்பெடுக்க எந்தக் கம்பனியும் துணியாது."

வதனி பிள்ளையை அணைத்தபடி சொன்னாள்: "மூத்தவனுக்கு ஆஸ்பத்திரிக்காரர் உங்களை உள்ளுக்கு விடேல்லை. இவளுக்கு நீங்களே வரேல்லை."

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டில் பிறந்தவள் என்று கேள்விப்படும் பெண்கள் குரலைத் தாழ்த்தி, "தையல் ஏதும் போட்டதோ?" என்று வதனியை விசாரிப்பார்கள். மகள் ஓடிவந்து என் தலைமயிரை மேலே ஒதுக்கிக் காட்டுவாள்.

"ஓம், நாலு. பப்பாவுக்கு."