ஸ்டேஜுக்கு ஒரு சொட்டு

மதுரைச் சீமையிலேயே ஒரு துளி கூடக் குடிக்காமல் குடிகாரன் என்று பேர் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் பஸ் டிரைவர் 'சிக்னல்'தான். அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியாது. ஏழு வருடம் தினமும் அவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து அலங்காநல்லூரிலிருந்து தல்லாகுளத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போய் வந்திருக்கிறேன். கேட்கவே தோன்றவில்லை. இரண்டு கண்ணும் எப்போது பார்த்தாலும் சிவந்து கிடக்கும். எதிரே வருகிறவர்கள் அவர் முகத்தைப் பார்த்ததுமே பிரேக் போட்டுவிடுவதாகக் கண்டக்டர் முருகன் சொல்வான். பெயர் வந்த கதை அதுதான்.

மனிதர் டீயைத் தவிர வேறு எதையும் தொட மாட்டார். காபியைக்கூட, "அதுல லேசா ஒரு கிறுகிறுப்பு இருக்கு சார்" என்று ஒதுக்கி வைத்தவர். ஆனால் புதிதாக ஏறுகிற ஆட்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? ஒருமுறை பேரையூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு குடும்பம் தாம்பாளத் தட்டு, பழக்கூடை சகிதம் ஏறியது. குடும்பத்தலைவர் முன்கண்ணாடியில் அந்தக் கண்களைப் பார்த்தார். "ஏம்ப்பா, காலைல எட்டு மணிக்கேவா?" என்று கேட்டுவிட்டு, கூடையோடு மொத்தக் குடும்பத்தையும் இறக்கிக்கொண்டு போய்விட்டார்.

சிவப்புக்குக் காரணம் ஒன்றும் பெரிய மர்மமில்லை. ஜன்னல் வழியாக வரும் புழுதி, முன்னால் போகும் கரும்பு டிராக்டரிலிருந்து பறக்கும் தூசி, காலுக்குப் பக்கத்தில் கொதிக்கும் இன்ஜின். சாதாரணக் கண் எரிச்சல். ஆனால் அவருக்கு அதைவிடப் பெரிய வியாதி ஒன்று இருந்தது. யாருக்கும் எதற்கும் 'மாட்டேன்' என்று சொல்ல அவருக்கு வராது. ரோட்டோரம் யார் கையைத் தூக்கினாலும் பஸ் நிற்கும்.

"அண்ணே, அவரு ஏறுற ஆளு இல்ல. ஈ ஓட்டுறாருண்ணே" என்பான் முருகன்.

"இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருவோம் மாப்ள. மனசு சங்கடப்படும்ல."

கண்ணும் சிவந்து, மறுக்கவும் தெரியாத ஒருவர் நம்மூரில் பஸ் ஓட்டினால் என்ன ஆகும்? ஏறுகிறவர்கள் எல்லாரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். ஒருவர் நந்தியாவட்டைப் பூவைக் கொண்டுவந்தார். இன்னொருவர் விளக்கெண்ணெய். மூன்றாமவர் பன்னீர். சிக்னல் எல்லாவற்றையும் வாங்கி, எல்லாவற்றையும் பயன்படுத்தினார். பூக்காரம்மா பூவைத் தந்த அன்று பூ, பன்னீர்க்காரர் ஏறுகிற அன்று பன்னீர். அவரவர் மருந்து அவரவர் கண் முன்னால் போடப்பட வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு நேர்மை இருந்தது.

அப்புறம்தான் அந்தக் குட்டி பாட்டில் வந்தது. மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்காமலே கொடுக்கும், கண் சிவப்பை எடுக்கும் சொட்டு மருந்து. முதல் நாள் போட்ட பத்தாவது நிமிடம் கண் முட்டை போல வெளுத்துவிட்டது. பஸ்ஸில் ஏறியவர்கள், "சிக்னல் அண்ணே இன்னைக்கு லீவா?" என்று அவரிடமே கேட்டார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தோஷம் நான்கு நாள்தான். மருந்தின் வேகம் குறைந்ததும் கண் முன்னைவிட அதிகமாகச் சிவந்தது. அவர் இன்னும் ஒரு சொட்டு போட்டார். வெளுத்தது. மறுபடி சிவந்தது. கடைசியில் ஸ்டேஜுக்கு ஒரு சொட்டு என்று கணக்கு வந்து நின்றது. ஸ்டாப்பில் பஸ் நின்றதும் ஆட்கள் இறங்கி, ஆட்கள் ஏறி, டிரைவர் மருந்து விட்டு முடித்த பிறகுதான் முருகன் விசில் ஊதுவான். மருந்து விடுவதும் லேசில் முடியாது. வாயைப் பிளந்து, தலையைச் சீட்டில் சாய்த்து, பாட்டில் மூக்கை இமையில் நன்றாகத் தேய்த்து அழுத்துவார். இரண்டு சொட்டு கன்னத்தில், ஒன்று சட்டையில், ஒன்று கண்ணில். பாட்டில் குடியிருந்த இடம் இன்ஜின் பானெட், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில். ஆயுத பூஜைக்கு ஸ்டியரிங், கியர், ஹாரன் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், பாட்டிலுக்கும் மூக்கில் ஒரு பொட்டு வைத்தார். மறுநாள் அதே மூக்கு கண்ணுக்குள் போயிற்று.

கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பாட்டில் ஓசி வேறு. முருகனுக்குக் கண் உறுத்தியது, ஒரு சொட்டு. ஒரு டீச்சருக்குத் தூசி விழுந்தது, ஒரு சொட்டு. ஒரே வாரத்தில் பாதி பஸ்ஸுக்கு மெட்ராஸ் ஐ. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று தெரியாமல் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, அக்கம்பக்கத்து சீட்டுக்காரர்கள் பேசிக்கொள்வதை நிறுத்தினார்கள். சிக்னலும் முருகனும் லீவு. மாற்று டிரைவர் ஓட்டிய அந்த பஸ் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. எல்லாரும் ஏதோ தலைவர் வீட்டு இழவுக்குப் போவது மாதிரி இருந்தது.

லீவு முடிந்து வந்ததும் செல்வி அவரைப் பிடித்துக்கொண்டாள். செல்வி எங்கள் பஸ்ஸில் வருகிற பெண், தல்லாகுளத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்.

"அண்ணே, அந்த பாட்டிலக் குடுங்க. எப்பத் தொறந்தது?"

"சித்திரைல தங்கச்சி. அப்ப ஒரு டஜன் வாங்கி ஒண்ணாத் தொறந்து வச்சேன், இது கடைசி."

"இப்ப ஐப்பசி! தொறந்து ஒரு மாசம் ஆச்சுன்னா தூரப் போட்ரணும்ணே."

"தேதி இன்னும் ரெண்டு வருசம் இருக்கேம்மா?"

"அது தொறக்காத பாட்டிலுக்கு. அப்புறம், ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் போடக் கூடாது. மூக்கு கண்ணுல படக் கூடாது. கையக் கழுவிட்டு, கீழ் இமைய இழுத்து ஒரே சொட்டு. அதுக்கு மேல கண்ணுல நிக்காது. அதவிட முக்கியம், இது செவப்ப மறைக்கிற மருந்து. ரெண்டு மூணு நாளைக்கு மேல போட்டா இதுவே செவக்க வைக்கும்."

சிக்னல் தலையைச் சொறிந்தார். "அப்ப மருந்து போட்ட செவப்புக்கு என்ன மருந்து போடுறது?"

"ஒண்ணும் போடாதீங்க."

"சரி. ஒண்ணும் போடல. எம்புட்டு நாளைக்கு ஒண்ணும் போடணும்? காலைலயா, சாயந்தரமா?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாகக் கரும்பைப் பார்த்தேன். எனக்கும் கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

இந்த நேரத்தில் யாரோ ஒரு பயணி பஸ் முதலாளியிடம் புகார் சொல்லிவிட்டார், டிரைவர் குடித்துவிட்டு ஓட்டுகிறார் என்று. முதலாளி கூப்பிட்டு ஒரே வரியில் முடித்தார்: மாதக் கடைசிக்குள் கண் வெளுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு டிரைவர். அன்று சாயங்காலம் சிக்னல் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். பளபளத்த பிறகும் துடைத்தார்.

"இருவது வருசமா இந்த வட்டத்தத்தான் சுத்துறேன் சார். இத வாங்கிட்டாங்கன்னா இந்தக் கையி ரெண்டையும் எங்க வைக்கிறதுன்னே எனக்குத் தெரியாது."

எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் பிரிட்ஜைத் திறந்தேன். என் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்தபோது டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்தில் பாதி பாட்டில் மிச்சம் இருந்தது. ஆபரேஷன் செய்த கண்ணுக்கே நல்லது என்றால் சும்மா சிவந்த கண்ணுக்கு எவ்வளவு நல்லது என்று கணக்குப் போட்டேன். நான் பட்டதாரி. அலுவலகத்தில் கோப்பு பார்த்துக் குறிப்பு எழுதுகிறவன். மறுநாள் காலை அந்தப் பாட்டிலை அவர் கையில் வைத்தபோது எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

இரண்டே நாளில் கண் வெளுத்தது. வெளுத்தபடியே நின்றது. மாதக் கடைசியில் முதலாளி வந்து, இமையை விரலால் விலக்கிப் பார்த்து, தோளில் தட்டிவிட்டுப் போனார். பாட்டில் தீர்ந்ததும் சிக்னல் காலி பாட்டிலை எங்கோ ஒரு கடையில் காட்டி இன்னொன்று வாங்கினார். அப்புறம் இன்னொன்று. செல்வியிடம் மட்டும் காட்டவில்லை. திட்டுவாள் என்று பயம். அவள் இல்லாத நேரமாகப் பார்த்து பஸ்ஸில் மற்ற எல்லாரிடமும், "சார் குடுத்த மருந்து, சார் குடுத்த மருந்து" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்கழியில் ஒரு நாள். ரோட்டில் நல்ல மூட்டம், எதிரே வந்த வண்டிகள் எல்லாம் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தன. பாதி வழியில் சிக்னல் பஸ்ஸை மெதுவாக ஓரங்கட்டினார். இன்ஜினை அணைத்தார். சாவியை உருவி முருகன் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி நின்றார்.

"என்னண்ணே ஆச்சு?"

"லைட்டச் சுத்தி வானவில் மாதிரி வளையம் தெரியுது மாப்ள. ரோடு மங்கலா இருக்கு. ஒரு வாரமாவே லேசா இருந்துச்சு, பனின்னு நெனச்சேன். பனி இல்ல."

உள்ளே நாற்பது பேர். எல்லாருக்கும் அலுவலகம், கோர்ட்டு, காலேஜ். "மெதுவா உருட்டிட்டுப் போங்கண்ணே, நாங்க சத்தம் குடுக்குறோம்" என்று பின்னாலிருந்து குரல்கள். ஈ ஓட்டுகிறவனுக்கும் பஸ் நிறுத்துகிற மனிதர், நாற்பது பேரையும் ஒரு தடவை பார்த்தார்.

"ஓட்ட மாட்டேன்."

முதலாளி பைக்கில் பறந்து வந்து, வந்த வேகத்தில், "ஊது" என்றார். ஊதினார். டீ வாசனைதான் வந்தது. முதலாளி மறுபடி ஊதச் சொன்னார். மறுபடியும் டீதான். சிக்னல் என்னிடம் வந்து மெல்லக் கேட்டார்:

"செவப்பா இருந்தப்ப எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுச்சு. இப்ப வெள்ளையா இருக்கு, தெரிய மாட்டேங்குது. இது என்ன சார் நியாயம்?"

ஆட்டோ பிடித்து அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், ஒரு கருவியில் கண்ணின் அழுத்தம் பார்த்தார். முகம் மாறியது.

"கண்ணுக்கு என்னென்ன போட்டீங்க?"

சிக்னல் மஞ்சள் பையைக் கவிழ்த்தார். மேஜை மேல் பன்னிரண்டு ஐட்டம் உருண்டன. பூ வாடியிருந்தது.

"இதுல எதைப் போட்டீங்க?"

"எல்லாத்தையும்தான் டாக்டர். ஆசையாக் குடுக்குறாங்க, எத வேணாம்னு சொல்றது?"

டாக்டர் ஒவ்வொன்றாக ஒதுக்கி, ஒரு பாட்டிலை மட்டும் தனியே எடுத்தார். நான் கொடுத்த அதே மருந்து. "இது ஸ்டீராய்டு. ஆபரேஷன் பண்ணவங்களுக்கு நாங்க கணக்குப் பார்த்துக் குடுக்குறது. பார்க்க ஆள் இல்லாம வாரக்கணக்குல போட்டா கண்ணு வெளுப்பாத்தான் இருக்கும், உள்ள அழுத்தம் ஏறிட்டே போகும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா பார்வை நரம்பு போயிருக்கும். போனா திரும்ப வராது." பாட்டிலை உயர்த்திக் காட்டினார். "இதை யாரு குடுத்தது?"

சிக்னல் என் பக்கம் திரும்பவேயில்லை.

"தெரியல டாக்டர். பஸ்ல யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க."

பஸ் முழுக்க என் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்ட மனிதர், சொல்ல வேண்டிய இடத்தில் விழுங்கிவிட்டார். நான்தான் கொடுத்தேன் என்று நானே சொல்லிவிட்டேன். டாக்டர் என்னை எவ்வளவு திட்ட முடியுமோ அவ்வளவு திட்டினார். ஒரு வார்த்தைகூட அதிகம் என்று சொல்ல மாட்டேன். அதோடு முதலாளி வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். "படிச்சவரு நீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் எழுதித் தரும்வரை வேறு ஆளை நிரந்தரமாகப் போடுவதில்லை என்று ஒத்துக்கொண்டார்.

அந்த இரண்டு மாதமும் சிக்னல் அழுத்தம் குறைய ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்தை மணி பார்த்துப் போட்டுக்கொண்டு, பயணியாக முதல் சீட்டில் வந்தார். டிக்கெட் எடுத்துவிட்டு, மாற்று டிரைவர் ஒவ்வொரு தடவை பிரேக் போடும்போதும் தானும் வலது காலை அழுத்துவார். அவருக்குக் கால் வலி வந்ததுதான் மிச்சம். சிவப்பு திரும்ப வந்தது, பிறகு தானாகவே மெல்லக் குறைந்தது. சிவப்புக்கென்று ஒன்றும் போடாமலே குறைந்ததை அவரால் நம்ப முடியவில்லை. செல்வியிடம் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அழுத்தம் இறங்கி, பார்வை சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த அன்று மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். தூசிக்கு ஒரு வெள்ளைக் கண்ணாடி. கண் வறண்டால் விட டாக்டர் சொன்ன ஒரு சொட்டு மருந்து, பானெட்டில் இல்லை, சட்டைப் பையில். பாட்டிலில் திறந்த தேதி பேனாவால் எழுதியிருந்தது. பிள்ளையார் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.

போன வாரம் கரும்பு டிராக்டர் பின்னால் போகும்போது என் கண்ணில் தூசி விழுந்தது. பழக்கதோஷம், கையை நீட்டிவிட்டேன்.

"அண்ணே, அந்த மருந்துல ஒரு சொட்டு குடுங்க."

பஸ்ஸை ஓரங்கட்டினார். சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"தர மாட்டேன் சார். தேய்க்காதீங்க. அந்தா தண்ணி பாட்டில் இருக்கு, கண்ணக் கழுவுங்க. உறுத்தல் நிக்கலன்னா சொல்லுங்க, நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

நான் கழுவி முடிக்கும்வரை பஸ் நின்றது. எனக்குத் தெரிந்து அந்த மனிதர் வாழ்க்கையில் இரண்டே தடவைதான் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். முதல் தடவை நாற்பது பேருக்காக. இரண்டாவது தடவை எனக்காக மட்டும்.