ஜெனூபாவுக்கு எதிரான இரகசிய முறைப்பாடு

ஒரு துணி நெறியோடு நெய்யப்பட்டதா என்று துணியிடம் கேட்க முடியாது. ஆகவே நெய்தவரிடமே கேட்பதென்று அரசாங்கம் தீர்மானித்து, அதற்கென நிரோசன் என்ற உத்தியோகத்தரை மருதமுனைக்கு அனுப்பிவைத்தது.

ஜெனூபாவின் கைத்தறி வீட்டின் பின்விறாந்தையில் இருந்தது. முதலாளி அவள், தொழிலாளியும் அவளே. கொழும்புக் கடையொன்று பெருநாளைக்குப் பத்துச் சாரிக்கு ஓடர் கொடுத்திருந்தது. கொழும்பில் இப்போது மனச்சாட்சியை உடுத்துவதுதான் நாகரிகம். தொழிலாளியை வதைக்காமல் நெய்தது என்ற நெறிச் சான்றிதழ் இல்லாத சாரியை அங்கே தொடவும் மாட்டார்களாம்.

நிரோசன் தறியைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"தொழிலாளியோட தனியாக் கதைக்கணும். முதலாளி பக்கத்தில நிக்கக் கூடாது. சட்டம்."

"ரெண்டும் நான்தானே சேர்?"

"அப்ப முதலாளி வெளிய போகட்டும்."

ஜெனூபா முன்கதவால் வெளியே போய், வீட்டைச் சுற்றி, பின்கதவால் தொழிலாளியாக உள்ளே வந்தாள்.

"பயப்படாமச் சொல்லுங்க தங்கச்சி. முதலாளி எப்படி?"

இப்படியொரு கேள்வியை அவளிடம் இதுவரை எவரும் கேட்டதில்லை.

"சரியான பொல்லாதவ சேர். காய்ச்சலெண்டு படுத்தாலும் எழுப்பித் தறியில இருத்திருவா."

"லீவு?"

"கேட்டா, ஓடரை ஆரு முடிக்கிறதெண்டு பாய்வா."

நிரோசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு முதலாளியை அழைத்தார். முதலாளி முன்கதவால் வந்தாள்.

"உங்களுக்கு எதிரா முறைப்பாடு வந்திருக்கு. ஆர் தந்ததெண்டு சொல்லமாட்டன். இரகசியம்."

"அல்லாஹ்வே! ஆரா இருக்கும் சேர்?"

"பழிவாங்கவும் கூடாது. தொழிலாளிக்கு உடனடியா ஒரு மாசம் சம்பளத்தோட லீவு. அதுவரைக்கும் தறிக்குச் சீல்."

"என்ட ஓடர் போயிருமே சேர்!"

"அது முதலாளிர பிரச்சினை. அரசாங்கம் தொழிலாளிர பக்கம்."

ஓடர் போனது, ஒரு பெரிய மின்தறித் தொழிற்சாலைக்கு. அங்கே தொழிலாளர் நலன்புரிக் குழு இருந்தது; வாசலில் பூச்சாடிகளும் இருந்தன. முறைப்பாடு கொடுக்க மட்டும் ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. எனவே முறைப்பாடுகள் எதுவும் இல்லையென்று பதிவாகி, சான்றிதழ் அன்றே கிடைத்தது.

லீவில் இருந்த ஜெனூபா பெருநாள் உடுப்பெடுக்கக் கல்முனைக்குப் போனாள். அந்தத் தொழிற்சாலையின் சாரிகள் பச்சைச் சான்றிதழ் அட்டையோடு கடை முகப்பில் தொங்கின. இரு விரலால் உரசிப் பார்த்தாள்.

"பொலியெஸ்டர் தானே தம்பி?"

"துணியை விடுங்க ராத்தா, அட்டையைப் பாருங்க. மனச்சாட்சிச் சாரி. நிரோசன் சேரும் வீட்டுக்கு ரெண்டு எடுத்தவர்."

ஜெனூபா அட்டையைப் பார்த்தாள். அந்தத் தொழிலாளிகளுக்காவது நல்ல முதலாளி வாய்த்திருக்கிறாரே என்று பெருமூச்சு விட்டாள். லீவுச் சம்பளத்தில் அவளும் இரண்டு எடுத்தாள். ஒன்று தனக்கு. மற்றது, ஒரு மாதமாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் முதலாளிக்கு. பெருநாளோடாவது மனஸ்தாபம் தீரட்டும்.