எட்டரை மார்க் புத்தகத்துக்குப் பொட்டு வைத்த கதை

ஒரு பொருளை வாங்கி, அதைத் தொடாமல், திறக்காமல், வெளியிலிருந்து பார்த்தே பூரித்துப் போகிறவர்களை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. சேலை என்றால் கட்ட வேண்டும். புத்தகம் என்றால் படிக்க வேண்டும். (நான் மூணாங்கிளாஸ்தான். அதனால புஸ்தகத்து மேல எனக்கு மரியாதை ஜாஸ்தி. நிறைய படிச்சவங்களுக்குத்தான் அது கம்மி.) இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் வருத்தப்படுவேன் என்று காத்திருக்க வேண்டாம்.

என் மகள் சுமதி பழைய காமிக்ஸ் புத்தகங்களை வாங்கி விற்கிறாள். ரமணாசிரமம் பக்கம் வாடகை அறைகளில் தங்கிவிட்டுப் போகும் வெளியூர்க்காரர்கள் போட்டுவிட்டுப் போன புத்தகங்களில் ஆரம்பித்த வேலை. இப்போது எங்கள் வீட்டு மாடி அறையில் கால் வைக்க இடமில்லை. நான் துணி உலர்த்தப் போனால்கூட, "அம்மா, ஈரத்தோட உள்ள வராத" என்று கத்துவாள்.

அதிலும் உசத்தியான புத்தகம் என்றால் விமானம் ஏறி அமெரிக்கா போகும். அங்கே அதற்கென்றே ஒரு கம்பெனி. மூலை மடங்கியிருக்கிறதா, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருக்கிறதா, கறை உண்டா என்று பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். பிறகு கண்ணாடி மாதிரி கெட்டியான ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் புத்தகத்தை வைத்து, மேலே மார்க் சீட்டையும் வைத்து, சுற்றிலும் ஒட்டி அனுப்புவார்கள். டப்பாவைத் திறந்தால் மார்க் செல்லாது. அதனால் வாங்குகிறவர்களும் திறப்பதில்லை. பீரோவில் வைத்துப் பூட்டுவார்களாம்.

"ஏண்டி, உள்ள இன்னா கதைனு தெரியாமலே வாங்குறாங்களா?" என்று கேட்டேன்.

"அட்டையப் பாத்துத்தாம்மா வாங்குவாங்க."

"பொண்ணு பாக்கப் போனாக்கூட ரெண்டு வார்த்தை பேசச் சொல்லுவாங்களேடி!"

என் மருமகன் பாபு சிரித்துவிட்டு, சுமதி முறைத்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

அந்த வருஷம் அப்படி ஒரு புத்தகம் அமெரிக்கா போய் வந்தது. என் வயதுக்குப் பக்கத்தில் வரும் தமிழ் காமிக்ஸ். அட்டையில் கையில் டார்ச் லைட்டோடு ஒரு துப்பறிகிறவன், பின்னால் பாழடைந்த பங்களா. மார்க், பத்துக்கு எட்டரை. (சுமதி பத்தாவதுல கணக்குல வாங்கினதை நினைச்சுப் பாத்தேன். புஸ்தகம் எவ்வளவோ தேவலாம்.) சென்னையிலிருந்து வரதராஜன் என்று ஒருவர் அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அதை விற்றால்தான் செங்கம் ரோட்டில் ஒரு கடையை அவளால் வாடகைக்குப் பிடிக்க முடியும். மாடி வீட்டு வியாபாரம் போதும், ரோட்டு மேலே பெயர்ப்பலகை மாட்டி உட்கார வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். விஜயதசமி காலையில் கடையின் சொந்தக்காரரிடம் வாக்குக் கொடுப்பது, பத்து மணிக்கு வரதராஜன் சார் வந்து புத்தகத்தை எடுத்துக்கொள்வது, சாயந்திரம் முன்பணம் கட்டுவது என்று எல்லாம் பேசி வைத்தாயிற்று.

விஜயதசமிக்கு முந்தின நாள் சரஸ்வதி பூஜை. எங்கள் வீட்டில் அன்றைக்குப் பஞ்சாங்கத்திலிருந்து கேஸ் சிலிண்டர் புத்தகம் வரைக்கும் எல்லாம் சாமி முன்னால் வந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தொட்டு, குங்குமம் வைக்க வேண்டும். சுமதியே அந்த டப்பாவைக் கொண்டுவந்து மேலே வைத்தாள்.

"நல்லபடியா வித்துப் போகணும்னு வேண்டிக்கோம்மா. ஆனா இத நீ தொடாத."

"தொடாம எப்படிடி பொட்டு வைக்கிறது?"

"டப்பா மேல வை. போதும்."

வைத்தேன். வழவழவென்ற பிளாஸ்டிக்கில் சந்தனம் நிற்குமா? வழிந்து கீழே இறங்கியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். மறுபடி இறங்கியது. எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை உட்காரும் நாற்காலிக்கு மாலை போட்டுவிட்டுக் கல்யாணம் முடிந்தது என்றால் யாராவது ஒப்புக்கொள்வார்களா? மகள் கடை வைக்கப் போகிற நேரம். அதற்குக் காரணமான புத்தகம் ஒன்றுக்கு மட்டும் பொட்டு இல்லை என்றால், நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?

நான் கீழ்பென்னாத்தூர் பக்கத்துப் பெண். வேர்க்கடலையை, எங்கள் பேச்சில் மல்லாட்டையை, உடைத்தே வளர்ந்த கை. சுமதி மாடிக்குப் போனதும் காய் நறுக்கும் கத்தியை டப்பாவின் ஓரத்தில் விட்டு ஒரு நெம்பு நெம்பினேன். படக்கென்று இரண்டாகப் பிளந்தது. (அமெரிக்காக்காரன் ஒட்டினதாம். எங்க ஊரு மல்லாட்டை இதைவிடக் கெட்டி.) புத்தகத்தைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கி, நாலு மூலையிலும் சந்தனம் வைத்து, நடுவில் துப்பறிகிறவன் நெற்றியில் பெரிதாக ஒரு பொட்டும் வைத்தேன். அப்போதுதான் அவன் முகத்தில் ஒரு களை வந்தது. எல்லாவற்றையும் பட்டுத் துணி போட்டு மூடினேன். சாயந்திரம் சுமதி வந்து துணியைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

மறுநாள் காலையில் சுமதியும் பாபுவும் கடைக்காரரைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். விஜயதசமி அன்று பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்து நாலு வரியாவது படிக்க வேண்டும். கேஸ் புத்தகத்தில் என்ன படிப்பது? காமிக்ஸை எடுத்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படம் இருந்ததால் சுலபமாக இருந்தது. ஜமீன்தாரை யாரோ கொன்றுவிடுகிறார்கள். சமையல்காரன் மேல் சந்தேகம், டாக்டர் மேல் சந்தேகம், மருமகன் மேலும் சந்தேகம். நாலு வரியில் நிறுத்துகிற கதையா அது?

பாதிக்கு மேல் போயிருப்பேன். வாசலில் கார் வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி.

"சுமதி மேடம் வீடுதானுங்களே? நான் வரதராஜன். தரிசனம் சீக்கிரம் ஆயிடுச்சு, அதான் முன்னாடியே வந்துட்டேன்."

"வாங்க சார், குந்துங்க. இப்ப வந்துடுவா. பூஜைப் பொரி எடுத்துக்குங்க."

டப்பாவின் பாதி ஒன்று தட்டு மாதிரி வாகாக இருந்ததால் பொரியையும் பொட்டுக்கடலையையும் அதில்தான் கொட்டி வைத்திருந்தேன். அவரும் பக்தியோடு ஒரு கை எடுத்து வாயில் போட்டார். இரண்டாவது கை எடுத்தார். பொரி குறைந்த இடத்தில் மார்க் சீட்டு தெரிந்தது. மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

"அம்மா... இது... எட்டரைம்மா!"

"ஆமா சார். நம்பர் எங்கயும் போகல. பத்திரமா டப்பாவுலதான் இருக்குது."

அப்போதுதான் அவர் என் மடியைப் பார்த்தார். நான் விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"ஐயோ! அட்டையில என்னம்மா கறை?"

"கறை இல்ல சார், பொட்டு."

மனிதர் சோபாவில் சாய்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுக் குனிந்து, இன்னும் என்னென்ன சேதம் என்று பார்க்கிறவர் போலப் பக்கத்தை உற்றுப் பார்த்தார். நான் என் வேலையை விடவில்லை.

"வி... ளக்கு... அணைந்... ததும்... டாக்... டர்..."

"'டாக்டரின் அறையிலிருந்து ஓர் உருவம்'" என்றார் அவர், பொறுக்க முடியாமல். "அடுத்த பக்கம் திருப்புங்க. எச்சில் வேணாம்மா, கும்பிட்டுக் கேட்டுக்கறேன்!"

அவர் படித்தார், நான் கேட்டேன். பீரோ நிறைய டப்பா வைத்திருக்கிறாராம், ஆனால் படித்தது எல்லாம் பள்ளிக்கூட நாளில் இரவல் வாங்கியதுதானாம். மருமகன்தான் கொன்றான் என்றேன். சமையல்காரன் என்றார் அவர். சண்டையே போட்டோம். துப்பறிகிறவன் எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்து, "கொலைகாரர் இந்த அறையில்தான் இருக்கிறார்" என்கிறான். மீதி ஒரே ஒரு பக்கம்.

"அம்மா!"

வாசலில் சுமதி. கடைக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கையில் பூவோடு நின்றாள். பூ கீழே விழுந்தது. ஒரே தாவலாக வந்து புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். வரதராஜன் சாருக்கும் அப்போதுதான் தாம் யார் என்ற நினைவு வந்திருக்க வேண்டும். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஸாரி மேடம். நான் வாங்க வந்தது எட்டரை. இது எத்தனைனு எனக்குச் சொல்லத் தெரியல."

கார் போய்விட்டது. கடையும் போய்விட்டது. இப்போது அங்கே ஒருவர் ஜூஸ் போடுகிறார். சுமதி மாடிப்படியில் உட்கார்ந்து, டப்பாவின் இரண்டு பாதிகளையும் ஒன்றோடு ஒன்று பொருத்திப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தபோது மட்டும் நான் போய் அலமாரியில் பசை இருக்கிறதா என்று தேடினேன். (அவகிட்ட சொல்லல. சொன்னா வருஷா வருஷம் சொல்லிக் காட்டுவா.)

வெகு நாள் என்னோடு பேசவில்லை. பேச வேண்டியதைப் பாபு வழியாகப் பேசினாள். "உங்க அத்தைகிட்ட சொல்லுங்க, சாம்பார்ல உப்பு கம்மி." நானும் பாபுவிடமே சொன்னேன். "உங்க பொண்டாட்டிகிட்ட சொல்லுங்க, உப்பு டப்பா மூடிதான் இருக்குது, தொறக்க எனக்குப் பயமா இருக்குது." மருமகன் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

பிறகு அவளே சின்னச் சின்னப் புத்தகங்களாக விற்று, பக்கத்துச் சந்தில் ஒரு குட்டிக் கடை பிடித்தாள். திறப்பு விழா அன்று சந்தனக் கிண்ணம் எல்லார் கைக்கும் போயிற்று, என் கைக்கு மட்டும் வரவில்லை. சரஸ்வதி பூஜை வந்தால், முந்தின நாளே டப்பாக்கள் எல்லாம் ஆட்டோவில் ஏறி பாபுவின் அக்கா வீட்டுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரி வருஷா வருஷம், "வீடு மாத்துறீங்களாக்கா?" என்று கேட்கிறாள். அந்தக் காமிக்ஸ் மட்டும் பொட்டோடு என்னிடமே இருக்கிறது. கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டேன்.

வரதராஜன் சார் விடவில்லை. வேறு யாரிடமோ அதே புத்தகத்தை வாங்கிவிட்டார். ஒன்பது மார்க்காம். டப்பாவோடு பீரோவில் இருக்கிறது. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை எங்கள் வீட்டுக்குத்தான் போன் வரும். பாபு கூடத்திலிருந்தே கத்துவார்.

"அத்தை! கொலைகாரன் யாருனு கேட்டு போன்!"

சுமதி ஓடி வருவாள். "நல்ல கஸ்டமரும்மா, சொல்லித் தொலையேன்" என்று சைகையிலேயே கெஞ்சுவாள். நான் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொள்வேன்.

"நல்லா இருக்கீங்களாம்மா? ஒண்ணுமில்ல... அந்தக் கடைசிப் பக்கம் மட்டும்..."

"உங்ககிட்டதான் ஒம்போது மார்க் புஸ்தகமே இருக்குதே சார். தொறந்து பாருங்க."

"ஐயோ, மார்க் போயிடுமேம்மா!" என்பார்.

"தொறக்க வரலைனா இங்க எடுத்துட்டு வாங்க சார்" என்பேன். "நான் தொறந்து தரேன்."

உடனே போன் கட்டாகிவிடும்.